சிப்பாயின் கைக்கடியாரம்

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் நடராஜரைத் தரிசிக்கப் போகிறார்கள். கடலூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்கோ கலெக்டர் கச்சேரிக்கோ போகிறார்கள். இவ்விரண்டு ஊர்களுக்கும் பழைய கைக்கடியாரம் தேடிப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதிலும் பட்டாளத்துக் கடியாரம் என்றதும், "ஓடுகிற கடியாரம் கையில் இருக்கும்போது ஓடாத கடியாரத்தைத் தேடி ரெயில் ஏறுவானேன்?" என்ற கேள்வி பிறந்தது. நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குச் சற்று இடம் வேண்டும்.

ராணுவக் கைக்கடியாரங்களைச் சேகரிக்கும் பைத்தியம் உலகெங்கும் இருக்கிறது. பணம் படைத்த பைத்தியங்கள் தேடுவது பன்னிரண்டு கடியாரங்களை. இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில், 1945ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பன்னிரண்டு கம்பெனிகள் ஒரே மாதிரியான கறுப்பு முகக் கடியாரங்களைச் செய்து கொடுத்தன. ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா, பியூரன், கிரானா என்று போகும் அந்தப் பட்டியலைச் சேகரிப்போர் மந்திரம் போல் ஜபிப்பார்கள். பதினொன்று கையில் இருந்தும் கிரானா ஒன்று கிட்டவில்லையே என்று தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

இந்தக் கடியாரங்களின் பின்மூடியில் ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கும். பிரிட்டிஷ் சர்க்காரின் சொத்து என்பதற்கு அது அடையாளம். துப்பாக்கி, கூடாரம், தண்ணீர்க் குப்பி எல்லாவற்றிலும் அந்த அம்பு பாய்ந்திருக்கும். அம்பு பாய்ந்த கடியாரம் கட்டியவனுக்குச் சொந்தமில்லை. கேட்டபோது திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்தக் கடியாரங்களைப் பற்றிப் புஸ்தகங்கள் எழுதியாகிவிட்டன. நான் தேடுவது வேறு. நம் நாட்டுச் சிப்பாய் தன் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி, தன் மணிக்கட்டில் கட்டி, உயிரோடு திரும்பியபோது தன்னோடு ஊருக்குக் கொண்டுவந்தானே, அந்தக் கடியாரத்தை. அதைப் பற்றி எழுதுவோர் குறைவு, வாங்குவோரும் குறைவு. ஆகையால் அது வேகமாக அழிந்து வருகிறது.

கைக்கடியாரமே பட்டாளத்தினால் பெருமை பெற்ற பொருள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நூற்றிருபது வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஆண்பிள்ளை என்றால் சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடியாரம்தான் வைத்திருப்பான். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்று எண்ணினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் சிலர் பைக்கடியாரத்தைத் தோல் வாரில் வைத்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். பிறகு 1914ல் மகா யுத்தம் வந்தது. இன்ன நிமிஷத்தில் பீரங்கி ஓயும், அடுத்த நிமிஷம் பதுங்குகுழியிலிருந்து ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தால், ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மண்ணுமாக நிற்பவன் பைக்குள் எப்படித் துழாவுவான்? நாலு வருஷத்தில் பெண்களின் அலங்காரம் வீரனின் ஆயுதமாகிவிட்டது.

அந்த யுத்தத்தில் மெஸபொடேமியாவின் பாலைவனத்தில் மடிந்த இந்தியர்கள் ஏராளம். அவர்களிடையே புழங்கிய கடியாரத்தின் பெயர் 'ஸவார்'. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். குதிரைவீரன் என்று பொருள். நம் ஊரில் 'சவாரி' என்கிறோமே, அதே வேர். 1886ல் தோன்றி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்து நடத்திய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியாரின் சரக்கு அது. செய்தது சுவிட்சர்லாந்தில்; சிலவற்றின் வயிற்றுக்குள் லாஞ்சின்ஸ் யந்திரமே இருக்கும். பெயர் மட்டும் நம்முடையது. வெள்ளைக்கார வியாபாரி இந்தியச் சிப்பாயிடம் பணம் இருப்பதைக் கண்டுகொண்டு அவனுக்குப் புரிகிற பெயரை வைத்தான் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனாலும் அந்தக் காலத்தில் 'குதிரைவீரன்' என்று இந்தியனைப் பார்த்து மரியாதையாகக் கூப்பிட்ட பொருள்கள் அதிகமில்லை.

இதையெல்லாம் கடலூரில் போய்த் தேடுவானேன் என்றால், இந்தியச் சிப்பாய்க்குக் கடலூர் பிறந்த வீடு மாதிரி. கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் இருக்கிறது. அங்கேதான் செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர் அதை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைச் சுற்றி எவ்வளவு பூமி அவர்களுக்குச் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு: கோட்டையிலிருந்து பெரிய பீரங்கியைச் சுடுவது, குண்டு எட்டும் தூரம்வரை அவர்களுடையது. இங்கிலீஷ்காரர் இருப்பதில் நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. நில அளவைச் சங்கிலிக்குப் பதில் பீரங்கியை உபயோகித்த சர்வேயை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

1746ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கம்பெனியின் தலைமை ஸ்தலம் தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. 1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற மேஜர் இங்கே வந்து இறங்கி, சிதறிக் கிடந்த ஆட்களைப் பட்டாளமாகத் திரட்டினார். அவரை 'இந்தியப் படையின் தந்தை' என்று இங்கிலீஷ் சரித்திரம் அழைக்கிறது. தந்தை யாரென்று எழுதி வைத்தார்கள். வெயிலில் கவாத்துப் பழகிய பிள்ளைகளின் பெயரை எழுதி வைக்கவில்லை. 1758 ஜூனில் பிரெஞ்சு ஜெனரல் லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். மிச்சம் இருப்பது கொஞ்சம் இடிபாடுதான். 2004 டிசம்பர் 26ந் தேதி வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையில் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனதை நினைக்கும்போது, கோட்டைக்காக வருத்தப்பட மனம் வரவில்லை.

கடலூருக்கும் கடியாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தில் மிகவும் வேதனையான கதை 1783ல் நடந்தது. அப்போது கடலூர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் கையில் இருந்தது. ஜெனரல் ஸ்டூவர்ட் வந்து முற்றுகையிட்டார். ஜூன் 13ந் தேதி பெரும் சண்டை. 20ந் தேதி சுப்ரேனின் கப்பல்களும் ஹியூஸின் கப்பல்களும் கடலில் மோதின. 25ந் தேதி கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்து மறுபடியும் சண்டை. இரண்டு பக்கத்திலும் தமிழ் நாட்டுச் சிப்பாய்கள் விழுந்தார்கள். ஆனால் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டது அந்த வருஷம் ஜனவரி 20ந் தேதி! அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். ஐந்து மாதம் தாமதமாக ஓடிய ஒரு கடியாரத்தினால் மாண்டவர்கள் அவர்கள். தேவனாம்பட்டினத்து மணலில் நடக்கும்போது இது ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

நம் ஊர் நேரம் நம் வசத்தில் இல்லாத கதை அதோடு முடியவில்லை. ரெயில்கள் ஓடத் தொடங்கியபின் சென்னை வான ஆராய்ச்சி மண்டபத்தின் நேரமே ரெயில்வே நேரமாக இருந்தது. 1906 ஜனவரி முதல் தேதி 'இந்திய நேரம்' வந்தபோது சென்னை நேரத்தைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முந்திக்கொண்டது. பிறகு 1942 செப்டம்பரில் யுத்தத்தை உத்தேசித்து அதை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 1945 அக்டோபர் மத்தியில்தான் பழையபடி ஆயிற்று. அதே சமயம் ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூரில் டோக்கியோ நேரம் அமுலில் இருந்தது. தென்னார்க்காட்டிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தோட்டத் தமிழர்கள் நேதாஜியின் தேசிய ராணுவத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் அவர்களுக்கு மாலை ஆறு மணி அடிக்கையில் கடலூரில் அவர்களைப் பெற்றவர்களுக்கு மூன்றரை. ஒரே குடும்பத்தில் ஒருவன் பிரிட்டிஷ் பட்டாளத்திலும் மற்றொருவன் தேசிய ராணுவத்திலும் இருந்தால், அண்ணன் தம்பி கடியாரங்கள் இரண்டரை மணி வித்தியாசத்தில் ஓடின. இரண்டு நேரமும் நம்மைக் கேட்டு வைத்ததல்ல.

கடலூரில் இன்னொரு மணிக்கணக்கும் உண்டு. மகா யுத்தம் ஓய்ந்தது 1918 நவம்பர் 11ந் தேதி. சரியாக ஒன்பது நாள் கழித்து, 20ந் தேதி, பத்து வருஷம் புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் செய்த பாரதியார் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்தார். கடலூர் அருகே கைது செய்தார்கள். டிசம்பர் 14ந் தேதி விடுதலையாகும்வரை அவர் கடலூர்ச் சிறையில் இருந்தார். உலகத்தின் சுதந்திரத்துக்காகச் சண்டையிட்டதாகச் சொல்லிக்கொண்ட சர்க்கார், வெற்றி கிடைத்த மறு வாரமே ஒரு கவியைப் பூட்டி வைத்தது. 'ஸவார்' கட்டிய கைகள் அப்போதுதான் பஸ்ரா துறைமுகத்தில் ஊருக்குக் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தன.

இனிக் கடைவீதிக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டுச் சுற்றிலுமுள்ள தெருக்களில் நடந்தால், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கடியாரம் பழுது பார்ப்பவர்களை இன்னும் காணலாம். வரவர அவர்கள் தொகை குறைகிறது. எல்லாரும் பாட்டரி மாற்றும் வேலையில்தான் சாப்பிடுகிறார்கள். அப்படி ஒரு பெரியவரிடம் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஸவார் ஒன்று. முகப்பு தேன் நிறத்தில் பழுத்திருந்தது. பெரிய முள்ளில் நீலம் பாதி போய் துரு ஏறியிருந்தது.

"கடலூர்க் காற்று ஸார். உப்பு. சென்னையில் இருபது வருஷத்தில் பிடிக்கிற துரு இங்கே ஐந்து வருஷத்தில் பிடிக்கும்" என்றார். பிறகு பின்மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய பொடி எழுத்துக்கள் ஐந்தாறு வரிசையாக இருந்தன. பழுது பார்ப்பவர்கள் தாங்கள் கை வைத்த தேதியையும் தங்கள் குறியையும் அப்படிக் கீறி வைப்பது வழக்கம். கடியாரத்துக்கு அதுதான் ஜாதகம். எந்த ஊரில் யார் திறந்தார்கள் என்பதை அனுபவசாலிகள் அதிலிருந்து சொல்வார்கள். சில கடியாரங்களில் வெளிமூடியில் சிப்பாயே தன் பட்டாள எண்ணைக் கத்தி முனையால் கீறியிருப்பான்.

விலை கேட்டேன். விற்பதற்கில்லை என்றார் பெரியவர். சொந்தக்காரர் முகப்புக்குப் புதுச் சாயம் பூசித் தரும்படி விட்டுப் போயிருக்கிறாராம். "பம்பாய்க்கு அனுப்பினால் பளபளவென்று வந்துவிடும். பூசின பிறகு இது எந்தக் கடியாரம் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் மூன்று மாதமாக அனுப்பாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

சேகரிப்போர் எல்லாருக்கும் இப்போது பெரிய கவலை இந்தச் சாயம்தான். பழைய முகப்பைச் சுரண்டிவிட்டு நீலம், ஆரஞ்சு, பச்சை என்று திருவிழாக் கடை வர்ணங்களில் அச்சடித்து, 'ராணுவக் கடியாரம்' என்று எழுதி அயல் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஸவாரின் யந்திரத்துக்கு வேறொன்றின் முள், அதற்கு மூன்றாவதொன்றின் மூடி. எந்த ராணுவமும் கட்டாத கடியாரங்கள் இப்படிப் பிறந்து உலகம் சுற்றுகின்றன. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரம் கசிந்திருக்கும்; நிமிஷக் கோடுகள் முள்ளின் நுனிக்கு எட்டாமலோ தாண்டியோ நிற்கும்; எண்பது வயதுக் கடியாரத்தின் முகம் எட்டு வயதுக் குழந்தையின் முகம்போல் இருக்கும். நம்மவர் விஷயத்தில் இந்த நஷ்டம் பெரிது. பிரிட்டிஷ் கடியாரத்துக்குத் தஸ்தாவேஜும் கணக்குப் புஸ்தகமும் இருக்கின்றன. சாயம் போனாலும் சரித்திரம் போகாது. தன் காசில் வாங்கிய சிப்பாய்க்கு அந்த முகப்பும் மூடியும்தான் தஸ்தாவேஜு.

கழுவவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருட்டில் தெரிவதற்காக அக்காலக் கடியாரங்களின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு இட்டார்கள். அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் தூரிகையை உதட்டில் கூர்மையாக்கிக்கொண்டு இந்தப் பூச்சை இட்ட பெண்கள் தாடை அரித்து இறந்தார்கள். 1927ல் அவர்கள் தொடுத்த வழக்கு ஊரறிந்தது. பூச்சின் ஒளி சில பத்து வருஷங்களில் மங்கிவிடுகிறது. ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாவதற்கே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும். ஆகையால் பழுப்பேறிய பொடி தெரிந்தால் வீட்டில் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணாடியைத் திறந்து ஊதாதீர்கள்.

கடலூர் துறைமுக ஜங்ஷனில் ரெயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று உப்புக் காற்றிலேயே போகும் பாதை. பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலி தோற்றார் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதற்குச் சில நாள் முன்பு சிதம்பரத்தில் ஜெனரல் கூட் தோற்றது பாடப் புஸ்தகங்களில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். சிதம்பரம் கோயிலைத்தான் அப்போது கோட்டையாக உபயோகித்தார்கள். ஹைதரின் ஆட்கள் உள்ளேயிருந்து சுட, கூட்டின் படை மதிலைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கிற்று. கூத்தன் ஆடும் இடத்தில் பீரங்கி முழங்கிய காலம் அது. இன்று அந்த மதிலோரம் மாடுகள் படுத்து அசைபோடுகின்றன.

சிற்சபையின் பொன்னோடுகள் 21,600 என்பது வழக்கு. ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கு அது கணக்கு. நாழிகைக்கு 360 வீதம் அறுபது நாழிகைக்கு 21,600. கடியாரப் பைத்தியத்துக்கு இதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஏனென்றால் சாவி கொடுக்கும் கடியாரங்களில் பழையவை மணிக்குப் பதினெட்டாயிரம் துடிப்புத் துடிக்கும். பின்னால் வந்த பலவற்றில் துடிப்பு மணிக்கு 21,600. தற்செயல்தான். இருந்தாலும் பொன்னம்பலத்தின் எதிரில் நின்று மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் எனக்குக் காது மந்தம் என்று எண்ணிப் பரிதாபப்பட்டார்.

சிதம்பரத்தில் நான் பார்க்கப் போனது 'ஜவான்' என்ற கடியாரத்தை. சுதந்திரத்துக்குப் பிறகு 1953ல் நம் சர்க்கார் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிற்சாலையை ஆரம்பித்தது. 1961ல் ஜப்பானிய ஸிடிஸன் கம்பெனியின் உதவியோடு கடியாரம் செய்யும் பகுதி தோன்றியது. அதுவரையில் சுவிஸ்காரன் செய்ததற்கு நம் பெயர் வைத்தோம். இப்போது நாமே செய்து நாமே பெயர் வைத்தோம். 'ஜனதா', 'பைலட்', 'ஸைனிக்', 'ஜவான்' என்று வரிசையாக வந்தன. பைலட்டை எல்லாருக்கும் தெரியும்; தெரிந்ததனால் போலியும் அதற்கே அதிகம். ஜவானைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. பதினேழு கல், சாவி கொடுப்பது; 1 முதல் 12 வரையுள்ள எண்களுக்கு உட்புறம் 13 முதல் 24 வரை சிறிய எண்கள், பட்டாளத்தில் சாயங்காலம் ஆறு மணியைப் பதினெட்டு மணி என்பதனால். அழகுக் கடியாரம் அல்ல. ஆனால் படிக்கத் தடுமாற வேண்டாம். 2016 ஜனவரியில் கடியாரக் கம்பெனியை மூடிவிட மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. பாட்டரிக் கடியாரத்தோடு போட்டி போட முடியவில்லை. நஷ்டம் மலைபோல் குவிந்திருந்தது. வருத்தப்படலாம், அநியாயம் என்று சொல்வதற்கில்லை.

சன்னிதித் தெரு ஒன்றில் ஓர் அம்மாள் வீட்டில் ஜவான் இருப்பதாகத் தெரிந்து போனேன். அவருடைய கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த அம்மாள் பித்தளைச் சம்புடத்திலிருந்து கடியாரத்தை எடுத்து வைத்தார். கண்ணாடி முழுதும் கீறல். வார் அறுந்து, அந்த இடத்தில் காக்கி நாடா தைத்திருந்தது. பட்டாளத்துத் தையல் என்று பார்த்தவுடன் தெரிந்தது. உட்புறத்து 18ன் மேல் பச்சை மையினால் ஒரு புள்ளி.

"அது என்ன அம்மா?" என்று கேட்டேன்.

"காவலுக்குப் போகிற நேரமாம் தம்பி. எந்த ஊரில் என்று சொன்னாரே தவிர எனக்கு வாயில் வரவில்லை. பனி பெய்கிற இடம்" என்றார்.

பேரன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முகப்புக்குப் புதுச் சாயம் பூசிவிட்டால் நல்ல விலை வரும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். கடலூர்ப் பெரியவர் எனக்குக் காட்டியதை நான் அவனுக்குச் சொன்னேன். பச்சைப் புள்ளி சாயத்தோடு போய்விடும் என்றேன். அவன் கடியாரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். அந்தப் புள்ளியை அவன் அதற்குமுன் கவனித்ததில்லை போலும். "விலைக்குக் கேட்கிறீர்களா?" என்றான். இல்லை என்றேன்; புகைப்படம் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அந்த அம்மாள் சாவியைப் பத்துப் பன்னிரண்டு தடவை திருகினார். கடியாரம் உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. கோயிலில் சாயரட்சை மணி அடித்தபோது அது ஏழு நிமிஷம் முந்திக் காட்டிற்று.